கேளையாட்டின் வட்டாரப் பெயர்

வேண்டாம் தம்பி, மிட்டாயை உள்ள வைங்க. இது வியாதி இருமல் இல்ல. நெஞ்சுல சளி கிடையாது, பீடி சிகரெட் கையால தொட்டது கிடையாது. பஸ் மலை மேல போய்ச் சேர்றதுக்குள்ள இன்னும் ஒரு நாப்பது அம்பது தடவை இருமுவேன், நீங்க கண்டுக்காதீங்க. வேணும்னா ஜன்னலைச் சாத்திக்கோங்க. குளிர்காத்துனாலதான் இந்த ஆளு இருமுறாருன்னு நினைச்சு மனசைத் தேத்திக்கலாம்.

ஏன் இருமுறேன்னு கேக்குறீங்களா? கேக்கலையா? வாய் கேக்கலை, முகம் கேக்குதே. சொல்றேன். ஆனா அதுக்கு முன்னாடி எனக்கு நீங்க ஒரு நியாயம் சொல்லணும். ஒரு மனுஷன். அம்பத்தி நாலு வயசு. ரெண்டு பொண்ணைக் கட்டிக்குடுத்தவன், தெருவுல நாலு பேரு மதிக்கிறவன். அவன் பேரைத் தூக்கி ஒரு ஆட்டுக்கு வைக்கலாமா? வைக்கலாமா, கூடாதா? இருங்க, இப்பச் சொல்லாதீங்க. முழுசாக் கேட்டுட்டுச் சொல்லுங்க.

என் பேரு சீனிச்சாமி. சாத்தூர்ப் பக்கம் ஒரு காலேஜ்ல விலங்கியல் லேப்ல அட்டெண்டர். இருபத்தாறு வருஷ சர்வீஸ். இந்த இருபத்தாறு வருஷத்துல எங்க துறையில ஸ்பாட்டர்ல ஃபெயிலான பிள்ளைன்னு ஒண்ணைக் காட்டுங்க, நான் இந்த பஸ்ஸுல இருந்து இப்படியே குதிச்சிர்றேன்.

ஸ்பாட்டர் தெரியாதா? நீங்க காமர்ஸா? அதான. பிராக்டிகல் பரீட்சையில மேசை மேல வரிசையாப் பத்துப் பாட்டில் வைப்போம். ஒண்ணுல தவளை, ஒண்ணுல பாம்பு, ஒண்ணுல சுறாக்குட்டி. பேரை மறைச்சிருக்கும். வெளியூர்ல இருந்து பரீட்சை வைக்கிற எக்ஸ்டர்னல் வந்து மூக்குக்கண்ணாடியோட நிப்பாரு. பிள்ளைக ஒவ்வொரு பாட்டிலாப் பார்த்து இது இன்னதுன்னு எழுதணும். யாரும் பேசக்கூடாது. சரி, பேசக்கூடாது. இருமக்கூடாதுன்னு எந்த யுனிவர்சிட்டியாவது எழுதி வச்சிருக்கா?

ஒரு இருமல்னா மீன். ரெண்டு இருமல் தவளை வகை. மூணு இருமினா பாம்பு, பல்லி, ஓணான். தொண்டையைச் செருமினா பறவை. தும்மினா குட்டிபோட்டுப் பால் குடுக்கிற சாதி. தும்மல் நினைச்ச நேரம் வராது பாருங்க, அதுக்காக மடியில மூக்குப்பொடி. இதுக்குப் பேரு காப்பி இல்ல தம்பி. படிச்சது அவங்கதான். பயத்துல மறந்துபோனதை நான் ஞாபகப்படுத்துறேன், அவ்வளவுதான்.

இந்தக் கணக்கை நானா யாருக்கும் சொல்லிக்குடுத்தது இல்ல. அது தப்பு. சீனியர் பிள்ளைக ஜூனியர் காதுல போட்டுரும். அப்படியே வழிவழியா வந்துக்கிட்டு இருந்துச்சு. எங்க அறுந்துச்சுன்னா, நடுவுல ரெண்டு வருஷம் எங்க துறையில ஒரு பிள்ளைகூடச் சேரலை. எல்லாரும் கம்ப்யூட்டர், கம்ப்யூட்டர்னு ஓடிருச்சுக. அதுக்கு அடுத்த வருஷம்தான் ஒன்பது பேரு சேர்ந்தாங்க. சீனியரே இல்லாத ஒன்பது பேரு. இதை மனசுல வச்சுக்கோங்க, பின்னாடி வரும்.

ஒன்பது பேருக்கு ஒரு துறையான்னு நிர்வாகம் கேட்டுச்சு. லேப்பைக் காலி பண்ணி ஃபேஷன் டிசைனிங்குக்குக் குடுக்கப் போறோம்னுட்டாங்க. சும்மா பேச்சு இல்ல தம்பி, தையல் மிஷின் இருபது வந்து இறங்கிருச்சு. எங்க லேப் வாசல்லயே சாக்கு போட்டு மூடி வச்சிருந்தாங்க. தினமும் காலையில அதைச் சுத்திக்கிட்டுத்தான் உள்ள போவேன். துறை போச்சுன்னா ஒன்பது பிள்ளைகளும் வேற படிப்புக்கு மாறணும், ஜெபராணி மேடம் வீட்டுக்குப் போகணும், நான் கேட்டுல உக்காந்து வண்டி நம்பர் எழுதணும். இருபத்தாறு வருஷம் பாம்பைத் துடைச்சு வச்ச கை இது. டூவீலர் நம்பர் எழுதுமா?

ஜெபராணி மேடம்தான் எங்க துறைத் தலைவர். துறையில இருக்கிறதே அவங்க ஒருத்தர்தான், அதனால அவங்கதான் தலைவர். நிர்வாகத்துக்கிட்டப் போய் மல்லுக்கட்டி ஒரு வாய்ப்பு வாங்கிட்டாங்க. கோடை லீவுல பத்து நாள் பிள்ளைகளை மலைக்குக் கூட்டிட்டுப் போய் சுற்றுச்சூழல் களப் பயிற்சி. யுனிவர்சிட்டியில இருந்து ஒரு நிபுணர் கூடவே இருந்து பார்ப்பாரு. அவரு நல்லபடியா ரிப்போர்ட் எழுதினா துறைக்கு மூணு வருஷம் ஆயுசு. இல்லன்னா தையல் மிஷின் உள்ள வந்துரும்.

அந்த நிபுணர் பேரு எனக்கு வாயில நுழையாது. நாலு வரிப் பேரு. நான் எக்ஸ்டர்னல்னுதான் சொல்வேன். யுனிவர்சிட்டியில இருந்து யாரு வந்தாலும் எனக்கு எக்ஸ்டர்னல்தான்.

இதே மலைதான், போன வருஷம் இதே மே மாசம்தான். தாண்டிக்குடிக்கு அங்கிட்டு ஒரு காப்பித் தோட்டத்துல பழைய குவார்ட்டர்ஸ். நான் போகுறப்ப லேப்ல இருந்து மூணு பாட்டில் எடுத்துட்டுப் போனேன். நாகம் ஒண்ணு, பறக்குற பல்லி ஒண்ணு, சுறாக்குட்டி ஒண்ணு. காட்டுல ஒண்ணும் ஆப்புடலைன்னா எக்ஸ்டர்னல் முன்னாடி வெறுங்கையோட நிக்க முடியுமா? மேடம் பார்த்துட்டு, “அண்ணே, மலையில சுறா எதுக்கு?”ன்னு கேட்டாங்க. இருக்கட்டும் மேடம்னு பெட்டிக்கடியில வச்சுட்டேன்.

பிள்ளைக இருக்கே, தங்கம். ஆனா ஒண்ணும் தெரியாது. கரிசக்காட்டுப் பிள்ளைக, வேலிக்கருவேலத்தைத் தவிர வேற மரம் பார்த்தது இல்ல. ரெண்டாம் நாள் மரங்களோட பட்டியல் எழுதச் சொன்னாரு எக்ஸ்டர்னல். ஜெயசூர்யான்னு ஒரு பையன், எழுதிக் குடுக்கான்: பெரிய மரம், இன்னொரு பெரிய மரம், முதல் மரம் மாதிரியே ஒரு மரம். எக்ஸ்டர்னல் அதைப் படிச்சுட்டு ரொம்ப நேரம் மேகத்தையே பார்த்துக்கிட்டு இருந்தாரு. தையல் மிஷின் சத்தம் என் காதுக்குள்ள கேக்குது தம்பி, டகடகடகன்னு.

அஞ்சாம் நாளு பெரிய பயிற்சி. ஒலிக் கணக்கெடுப்புன்னு பேரு. விடியக்காலம் ஆறுல இருந்து எட்டு வரைக்கும் ஒவ்வொரு பிள்ளையும் தனித்தனியா, நூறு அடிக்கு ஒருத்தரா, வரிசையா உக்காரணும். வாயைத் திறக்கக்கூடாது. காதுல எந்த மிருகச் சத்தம் விழுந்தாலும் மணி, திசை, பேரு நோட்ல எழுதணும். அப்புறம் ஒன்பது நோட்டையும் வச்சு மேப் போடுவாரு. முந்தின நாள் சாயங்காலம் மேடம் போன்ல எல்லா மிருகச் சத்தத்தையும் போட்டுக் காட்டினாங்க. நான் கேக்கலை. சட்னி அரைச்சுக்கிட்டு இருந்தேன்.

நீங்களே சொல்லுங்க. வரிசையா உக்காரணும், பேசக்கூடாது, இது என்னன்னு கண்டுபிடிச்சு எழுதணும். இதுக்குப் பேரு என்ன? ஸ்பாட்டர்! பாட்டில் இல்லாத ஸ்பாட்டர். எக்ஸ்டர்னல் வேற, நான் மேற்பார்வை பார்க்க மாட்டேன், நம்பிக்கைதான் முக்கியம்னு சொல்லிட்டுக் குவார்ட்டர்ஸ்ல காப்பி குடிக்க உக்காந்துட்டாரு. எக்ஸ்டர்னலே இல்லாத ஸ்பாட்டர்! என் சர்வீஸ்ல இப்படி ஒரு அதிர்ஷ்டம் வாய்ச்சது இல்ல.

அஞ்சரைக்கே போய்க் காப்பிச் செடிக்குள்ள படுத்துட்டேன். அட்டை கடிக்குது, தாங்கிக்கிட்டேன். ஓடையில தவளை கத்துச்சு, ரெண்டு இருமல். ஒரு ஓணான் மரத்துல ஏறுச்சு, அது சத்தமே போடலை, இருந்தாலும் பிள்ளைகளுக்கு மார்க் போகக்கூடாதுன்னு மூணு இருமல். குருவி கூவக்கூவத் தொண்டையைச் செருமினேன். ஒரே இடத்துல இருந்தா கடைசிப் பிள்ளைக்குக் கேக்காதுல்ல? அதனால ஊர்ந்து ஊர்ந்து ஒவ்வொரு பிள்ளைக்கு நேராவும் போய், ஒரு அஞ்சாறு தடவை இருமிட்டு, அடுத்த பிள்ளைக்கு நகர்ந்தேன். எட்டு மணிக்கு எந்திரிச்சா இடுப்பு நிமிரலை. ஆனா மனசு நிறைஞ்சிருந்துச்சு தம்பி. துறையைக் காப்பாத்திட்டோம்னு நினைச்சேன்.

பத்து மணிக்கு எக்ஸ்டர்னல் நோட்டையெல்லாம் வாங்கி மேப்புல புள்ளி வச்சாரு. எட்டு நோட்டுதான். பவதாரிணின்னு ஒரு பிள்ளை அட்டை கடிச்ச காலைக் கழுவப் போயிருந்துச்சு. புள்ளி வைக்க வைக்க அவரு முகம் மாறுது. மேடத்தைக் கூப்பிட்டாரு. “மேடம், இது சாதாரணம் இல்ல. ரெண்டு மணி நேரத்துல அறுபத்தோரு தடவை கேளையாடு கத்தியிருக்கு.”

கேளையாடு தெரியுமா? பேருதான் ஆடு, மான் சாதி. நாய்க்குத் தொண்டை கட்டினா எப்படிக் குரைக்குமோ அப்படிக் கத்துமாம். சும்மாவும் கத்தும், ஆனா ஓயாமக் கத்துச்சுன்னா பக்கத்துல சிறுத்தை நிக்குதுன்னு அர்த்தமாம். எக்ஸ்டர்னல் விரலால மேப்பைத் தடவிக் காட்டுறாரு. “இங்க பாருங்க. வரிசையா ஒவ்வொரு பையன் முன்னாடியும் நின்னு கத்தியிருக்கு. அப்படின்னா சிறுத்தை ஒவ்வொரு பிள்ளையாப் பார்த்துக்கிட்டே போயிருக்கு.”

யோசிச்சுப் பாருங்க. நானும் அங்கதான கிடந்தேன்! அறுபத்தோரு தடவை கத்தியிருக்கு, என் காதுல ஒரு தடவைகூட விழலை. அவ்வளவு மும்முரமா இருமிக்கிட்டு இருந்திருக்கேன். சிறுத்தை என்னை மோந்துகூடப் பார்த்திருக்கும். இருக்கன்குடி மாரியாத்தா, உசுரோட ஊர் போய்ச் சேர்ந்தா மாவிளக்கு எடுக்கிறேன்னு அங்கயே நின்னு வேண்டிக்கிட்டேன்.

வனத்துறைக்குப் போன் போட்டாங்க. ரெண்டு ஃபாரஸ்ட் கார்டு கம்போட வந்தாங்க. பிள்ளைக எல்லாத்தையும் ஹால்ல போட்டுக் கதவைச் சாத்துனாங்க. எக்ஸ்டர்னல் சொல்லிட்டாரு, பிள்ளைக உசுருதான் முக்கியம், பயிற்சி ரத்து, வேனை வரச் சொல்லுங்கன்னு. ரத்துன்னா ரிப்போர்ட் இல்ல. ரிப்போர்ட் இல்லன்னா துறை இல்ல. மேடம் சுவத்தைப் பார்த்துத் திரும்பிக்கிட்டாங்க. அவங்க அழுது நான் பார்த்தது இல்ல தம்பி.

அப்பத்தான் பவதாரிணி, குடுக்காம விட்ட நோட்டை எடுத்துக்கிட்டு முன்னாடி வருது. எங்க தெருப் பிள்ளை. தையக்காரர் மக. கண்டிப்பான பிள்ளை, பத்து ரூபா கீழ கிடந்தாக்கூட யாருதுன்னு தெரு பூராக் கேக்கும். எக்ஸ்டர்னல் நோட்டை வாங்கிப் பார்த்தாரு. பார்த்துட்டு சத்தமாப் படிச்சாரு.

“ஆறு பதினாலு. தெற்கு. சீனிச்சாமி அண்ணன் இருமல், ரெண்டு. ஆறு பதினேழு. தெற்கு. சீனிச்சாமி அண்ணன் இருமல், மூணு. ஆறு இருபது. சீனிச்சாமி அண்ணன் செருமல். ஆறு இருபத்தஞ்சு. சீனிச்சாமி அண்ணன் தும்மல், அதைத் தொடர்ந்து ‘ஐயோ அட்டை’ என்ற குரல்.” அப்படியே ரெண்டு பக்கம்.

தினமும் காலையில நான் தெருவுல நின்னு பல்லு விளக்குறப்ப இருமுறதைக் கேட்டே வளர்ந்த பிள்ளை. கண்டுபிடிச்சுருச்சு. கண்டுபிடிச்சா மனசுல வச்சுக்கிறதுதான தம்பி? இருபத்தாறு வருஷத்துல என்னை நோட்ல எழுதுன முதல் பிள்ளை அதுதான்.

“யாரு சீனிச்சாமி?”ன்னாரு எக்ஸ்டர்னல். அவருக்கே தெரியும், நாலு நாளா நான்தான் அவருக்கு இட்லி வைக்கேன். கையைத் தூக்கினேன். கார்டு ரெண்டு பேரும் சிரிக்கிறானுக. எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். எக்ஸ்டர்னல் மேல இல்ல, பிள்ளைக மேல. “ஏண்டா ஜெயசூர்யா, ரெண்டு இருமினா தவளைடா! தவளையைக் கேளையாடுன்னு எழுதியிருக்கியே, நல்லாருப்பியா?”ன்னு கேட்டேன். அவன், “அண்ணே, எனக்கு யாரும் சொல்லலையே”ங்கான். நான் சொன்னேன்ல, சீனியர் இல்லாத பிள்ளைகன்னு. தப்பு என் மேலயா? பரம்பரை அறுந்துபோச்சு, அதான் தப்பு. இதை எக்ஸ்டர்னலுக்கு விளக்கமாச் சொன்னேன். மீன்ல இருந்து மூக்குப்பொடி வரைக்கும் எல்லாம் சொன்னேன். மேடம் வேண்டாம் வேண்டாம்னு கண்ணைக் காட்டினாங்க, கண்ணுல தூசி விழுந்திருக்கும்னு நினைச்சுட்டேன்.

எக்ஸ்டர்னல் ஒன்பது நோட்டையும் அடுக்கி மூடி வச்சாரு. அப்புறம் மேடத்துக்கிட்டச் சொன்னாரு. “பிள்ளைக காதால கேட்டு எழுதலை மேடம். எதை எழுதினா மார்க்கு வரும்னு நினைச்சு எழுதியிருக்காங்க. இதை வச்சு நான் என்ன ரிப்போர்ட் எழுத? ஒன்பதாம் நாளு இன்னொரு தடவை நடத்துவோம். அதுதான் கடைசி. பிள்ளைங்களா, உங்க காதுல என்ன விழுதோ அதை எழுதுங்க, அது போதும். சீனிச்சாமி என் பக்கத்துலயே உக்காரட்டும்.”

ஒன்பதாம் நாளு. விடியக்காலம். பிள்ளைக வரிசையாப் போய் உக்காந்தாச்சு. குவார்ட்டர்ஸ் வாசல்ல ஒரு பெஞ்சு, ஒரு பக்கம் எக்ஸ்டர்னல், மறுபக்கம் நான். மேடம் என் தோள்ல கிடந்த துண்டை எடுத்து என் கையில குடுத்து, “அண்ணே, வந்துச்சுன்னா இதைக் கடிச்சுக்கோங்க”ன்னு சொல்லிட்டு உள்ள போயிட்டாங்க. பெத்த தாயி என்னை அப்படி அடக்கினது இல்ல. துண்டை வாய்க்குள்ள திணிச்சுக்கிட்டு உக்காந்தேன். தவளை கத்துது, குருவி கூவுது, தொண்டை துடிக்குது. இருமலை. ரெண்டு மணி நேரம் இருமலை. அது எனக்குத்தான் பரீட்சை.

ஏழே கால் இருக்கும். ஓடைக்கு அங்கிட்டுச் சரிவுல இருந்து ஒரு சத்தம். க்ஹாவ். கொஞ்சம் விட்டு இன்னொண்ணு. க்ஹாவ். எக்ஸ்டர்னல் என் கையைப் புடிச்சுட்டாரு. கண்ணெல்லாம் மின்னுது. “கேட்டுச்சா சீனிச்சாமி? கேளையாடு! நெசக் கேளையாடு!” பதினோரு தடவை கத்துச்சு. நானும் முத முதலாக் கேட்டேன். அந்தக் கழுதை என்னைப் பார்த்துத்தான் பழகியிருக்குன்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் சந்தேகம்.

பிள்ளைக வந்துச்சுக. நோட்டை வாங்கினாரு. முதல் நோட்டைத் திறந்தாரு. மூடினாரு. ரெண்டாவதைத் திறந்தாரு. மூடினாரு. ஒன்பதும் பார்த்துட்டு என்கிட்ட நீட்டினாரு. ஒன்பது நோட்டுலயும், எங்க தெருப் பிள்ளை நோட்டு உட்பட, ஏழு பதினஞ்சு, வடகிழக்கு, ஓடைக்கு அப்பால், சீனிச்சாமி அண்ணன் இருமல், பதினொண்ணு. ஜெயசூர்யா மட்டும் கீழ ஒரு வரி சேர்த்திருக்கான்: பாவம், ரொம்ப முடியவில்லை போல.

மேடம் அப்படியே படிக்கட்டுல உக்காந்துட்டாங்க. பிள்ளைகளுக்கு என்ன நடந்துச்சுன்னே புரியலை, என்னைப் பார்க்குதுக. எனக்கு அந்தச் சாக்கு மூடின தையல் மிஷின் இருபதும் கண்ணு முன்னாடி வந்து நிக்குது. துண்டை வாயில இருந்து எடுத்தேன். எந்திரிச்சு நின்னேன். “சார், பிள்ளைக எழுதினது சரிதான் சார். நான்தான் இருமினேன்.”

“சீனிச்சாமி, நீங்க என் பக்கத்துலதான உக்காந்திருந்தீங்க?”

“ஆமா சார். நான்தான் சார்.”

“சத்தம் ஓடைக்கு அந்தப் பக்கம் இருந்துல்ல வந்துச்சு?”

“எதிரொலி சார். எனக்குச் சத்தம் கொஞ்சம் தள்ளித்தான் விழும்.”

“வாயில துண்டு இருந்துச்சே?”

“துண்டோடதான் சார் இருமினேன். பிள்ளைக காது பொய் சொல்லாது சார். துறையை மூடிறாதீங்க சார்.”

சொல்லிட்டேன். ஒரு மனுஷன் பக்கத்துலயே ரெண்டு மணி நேரம் உக்காந்துட்டு, அவரு முகத்தைப் பார்த்தே பொய் சொல்றது எவ்வளவு கஷ்டம் தெரியுமா? எக்ஸ்டர்னல் என்னையே பார்த்தாரு. அப்புறம் அவருக்குத் தோளு குலுங்குது. அழுறாரோன்னு பயந்துட்டேன். சிரிக்காரு தம்பி. கண்ணுல தண்ணி வழியச் சிரிக்காரு. கண்ணாடியைக் கழட்டித் துடைக்கணும், கையில துணி இல்ல, என் துண்டையே வாங்கித் துடைச்சாரு.

துடைச்சுட்டு மேடத்துக்கிட்டச் சொன்னாரு. “ஒன்பது பேரும் ஒரே மணி எழுதியிருக்காங்க மேடம். ஒரே திசை. பதினோரு தடவைங்கிறதுகூட ஒருத்தருக்கும் தப்பலை. எட்டு பேரு அன்னிக்கு மார்க்குக்கு எழுதினாங்க, இன்னிக்குக் கேட்டதை எழுதியிருக்காங்க. பேரு மட்டும்தான் தப்பு. பேரு நாளைக்குச் சொல்லிக்குடுத்துக்கலாம்.”

மூணு வருஷம் குடுத்துட்டாரு. நல்லா எழுதிக் குடுத்தாரு ரிப்போர்ட்டு. தையல் மிஷின் இப்பப் பழைய கேண்டீனுக்குள்ள ஓடுது, ஓடட்டும், அவங்களும் பிழைக்கணும்ல. இந்த வருஷம் எங்க துறையில பதினேழு பிள்ளைக சேர்ந்திருக்கு. காரணம் யாரு? என் இருமல். ஒருத்தரும் அதை வெளிய சொல்ல மாட்டேங்கிறாங்க.

இதைக் கேளுங்க. அந்த ரிப்போர்ட்டுல கடைசிப் பக்கத்துல மிருகங்களோட பட்டியல். அறிவியல் பேரு ஒரு கட்டம், தமிழ்ப் பேரு ஒரு கட்டம், வட்டாரப் பேரு ஒரு கட்டம். கேளையாட்டுக்கு நேரா வட்டாரப் பேருன்னு என்ன போட்டிருக்காரு தெரியுமா? சீனிச்சாமி அண்ணன். யுனிவர்சிட்டி முத்திரை போட்ட பேப்பர் தம்பி! பிரின்சிபால் படிச்சாரு, வாட்ச்மேன் படிச்சான், என் சம்பந்திகூடப் படிச்சுட்டாரு. ஒரு காப்பி பையிலதான் இருக்கு, லேமினேட் பண்ணி வச்சிருக்கேன். நியாயத்துக்காகத்தான் வச்சிருக்கேன், பெருமைக்கு இல்ல. பாருங்க, நல்லா வெளிச்சத்துல பாருங்க.

இந்த வருஷப் பயிற்சி நாளைக்கு ஆரம்பிக்குது. பிள்ளைகளும் மேடமும் வேன்ல வாராங்க. என்னை ஒரு நாள் முன்னாடியே பஸ்ஸுல அனுப்பிட்டாங்க, ஒரே ஒரு கண்டிஷன். மலையில பத்து நாளைக்கு ஒரு இருமல், ஒரு செருமல், ஒரு தும்மல் இருக்கக்கூடாது. மூக்குப்பொடியைக்கூட வாங்கி வச்சுக்கிட்டாங்க. அதான் தம்பி, பத்து நாள் இருமலையும் இந்த பஸ்ஸுலயே இருமித் தீர்த்துட்டுப் போயிரலாம்னு பார்க்கேன்.

என்ன, வண்டி நின்னுருச்சு? மூடுபனியா? எதிர்க்க லாரி வருதா, அப்பச் சரி, அவன் ஒதுங்குற வரைக்கும் நிக்கணும். இஞ்சினையும் அணைச்சுட்டான். எவ்வளவு அமைதியா இருக்கு பாருங்க. சரி, இப்பச் சொல்லுங்க நியாயத்தை. ஒரு மனுஷன் பேரை ஆட்டுக்கு...

கேட்டுச்சா? அந்தச் சரிவுல. ஒண்ணு, ரெண்டு, மூணு.

எதுக்குத் தம்பி மறுபடியும் மிட்டாயை நீட்டுறீங்க? இவ்வளவு நேரம் என்னத்தக் கேட்டீங்க? அது நான் இல்ல!